கணக்கில் வராத குழந்தை

எங்கள் நாவலூர் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய கணக்கு நோட்டை இறக்கினேன். பெரியப்பாவின் சதாபிஷேகத்தில் குடும்ப வம்சாவளியை அச்சடித்து வழங்க ஏற்பாடு. எழுத்தாளன் என்பதால் பெயர் சேகரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

நோட்டு கொள்ளுத்தாத்தாவுடையது. பிலவங்க வருஷம், அதாவது 1907, ஐப்பசியில் மருத்துவச்சிக்கு ஒரு ரூபாய். தை மாதம், 'குழந்தை காமுவுக்குக் காப்பு, தட்டான் கூலி.' அடுத்த ஆடியில் வைத்தியருக்கு இரண்டு தரம் பணம். ஆவணியில் ஒரே வரி: 'குழி வெட்டினவனுக்கு நாலணா.' அதற்குப் பிறகு காமு இல்லை. பத்து மாத வாழ்க்கை, ஐந்து செலவு.

"இவளையும் சேர்த்துவிடுகிறேன், பெரியப்பா" என்றேன்.

"தங்காத குழந்தையை எதுக்குடா சேர்க்கணும்? அதுக்குத் திதி உண்டா, தர்ப்பணம் உண்டா? சுப காரியத்திலே அபசகுனமா!"

இந்தப் பேச்சோடுதான் எனக்குச் சண்டை. பச்சைக் குழந்தையை நாம் தகனம் செய்வதில்லை, புதைக்கிறோம். வருஷத் திதியும் கொடுப்பதில்லை. வாஸ்தவம். சடங்கு வேண்டாம் என்றால் பெயரும் வேண்டாம் என்றா அர்த்தம்?

கணித மேதை ராமானுஜன் பிறந்தது 1887-இல். அவருக்குப் பின் 1894-க்குள் அவர் தாயார் கோமளத்தம்மாள் மூன்று குழந்தைகளைப் பெற்றார். மூன்றும் ஒரு வயது நிறையாமலே போயின. அந்த மூன்றையும் விட்டுவிட்டு, தாய் அந்த ஒரே பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்த்ததை எப்படிப் புரிந்துகொள்வீர்கள்?

1687-இல் சென்னைக் கோட்டைக்குக் கவர்னரான எலிஹு யேலின் மகன் டேவிட் நாலு வயதில் இறந்தான். உயர் நீதிமன்ற வளாகத்தில் அவன் கல்லறை மூன்று நூற்றாண்டுக்கு மேல் நின்றிருக்கிறது. கவர்னர் வீட்டுப் பிள்ளை, கல் கிடைத்தது. காமுவின் குழி இருந்த இடத்தைக் காட்ட, கண்ணாடிக் கட்டடங்கள் நிறைந்துவிட்ட இன்றைய நாவலூரில் ஆளில்லை. நான் கல்லா கேட்டேன்? ஒரு வரிதானே கேட்டேன்!

கொள்ளுப்பாட்டிக்கு நாலு பிள்ளைகள் என்று வம்சாவளி சொல்லும். பெற்ற வயிறு ஐந்து என்றுதான் சொல்லியிருக்கும். நம் வம்சாவளிகள் சொத்துக்கு வாரிசு தேடும் பட்டியல்கள். தாய்மார்களின் கணக்கு அவற்றில் ஏறுவதேயில்லை.

அபசகுனம் என்று கொள்ளுத்தாத்தா நினைக்கவில்லை. காப்புக்குச் செலவு எழுதியபோது, 'குழந்தைக்கு' என்று நிறுத்தாமல் 'காமுவுக்கு' என்று எழுதினார். அவர் எழுதிய பெயரை அடிக்க எனக்கு அதிகாரமில்லை. அச்சுக்குப் போன பிரதியில் ஐந்து பெயர்கள் இருக்கின்றன. பெரியப்பா இன்னும் என்னோடு பேசவில்லை.