மாதச் சந்தாவா, ஒரே விலையா, இலவசமா? ஆன்லைன் ஆர்.பி.ஜி. கேம்களில் எது உங்கள் நேரத்துக்குத் தகும்?

2021 செப்டம்பரில் 'நியூ வேர்ல்ட்' என்ற ஆன்லைன் கேமை அமேசான் வெளியிட்டது. சில நாட்களிலேயே ஸ்டீம் தளத்தில் மட்டும் ஒரே நேரத்தில் 9 லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் இருந்தார்கள். நான்கே ஆண்டுகளில் நிலைமை தலைகீழ். இந்த கேமுக்கு இனி புதிய உள்ளடக்கம் எதுவும் வராது என 2025 அக்டோபரில் அமேசான் அறிவித்துவிட்டது.

இன்னொரு பக்கம், 2001-ல் இங்கிலாந்தில் தொடங்கிய 'ரூன்ஸ்கேப்' இன்றும் ஓடுகிறது. 2004-ல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' (சுருக்கமாக வாவ்) இருபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

புதிதாக ஒரு கேமுக்குள் போக நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது கிராஃபிக்ஸ், கதை, சண்டைக் காட்சிகளைத்தான். ஆனால் அதற்கும் முன்பே பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த கேம் உங்களிடம் எப்படிக் காசு வாங்குகிறது? உங்கள் நேரத்தை அது எப்படிக் கேட்கும் என்பது பெரும்பாலும் இதை வைத்துத்தான் முடிவாகிறது.

இது என்ன வகை கேம்?

இந்த வகைக்கு எம்.எம்.ஓ.ஆர்.பி.ஜி. என்று பெயர். ஆயிரக்கணக்கானோர் ஒரே கற்பனை உலகில் ஒரே சமயத்தில் உலவுவார்கள். நீங்கள் ஒரு மந்திரவாதியையோ வீரனையோ உருவாக்கி, லெவல் ஏற்றி, ஆயுதம் சேர்த்து, நண்பர்களோடு குழு அமைத்து டிராகனை வீழ்த்தலாம். நீங்கள் லாக் அவுட் செய்த பிறகும் அந்த உலகம் ஓடிக்கொண்டே இருக்கும். பப்ஜி போல அரை மணி நேரத்தில் முடிகிற ஆட்டம் கிடையாது. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீளும்.

மாதச் சந்தா: வாவ், ஃபைனல் ஃபேண்டஸி 14

வாவ் கேமின் மாதச் சந்தா அமெரிக்காவில் 14.99 டாலர். 2004-லிருந்து அது மாறவில்லை. 2010-ல் 1.2 கோடி பேர் அதில் சந்தாதாரர்களாக இருந்தார்கள்.

சந்தா முறையில் நிறுவனத்துக்கு ஒரு கட்டாயம் உண்டு. அடுத்த மாதமும் நீங்கள் இருக்க வேண்டும். அதனால் சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய விரிவாக்கம் வரும், அதற்குத் தனி விலை. பெரும்பாலும் அதிகபட்ச லெவலும் உயரும். அதுவரை ராத்திரி முழுக்கக் கண் விழித்துச் சேர்த்த ஆயுதம் சில வாரங்களில் செல்லாக் காசாகிவிடும். மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும்.

ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்தின் 'ஃபைனல் ஃபேண்டஸி 14' கேமும் சந்தா வகைதான். ஆனால் அணுகுமுறை கொஞ்சம் வேறு. 'போரடித்தால் வேறு கேம் ஆடுங்கள், புதிய பகுதி வந்ததும் திரும்பி வாருங்கள்' என்ற பொருளில் அதன் தயாரிப்பாளர் நவோகி யோஷிடா வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். லெவல் 70 வரை, எத்தனை நாள் வேண்டுமானாலும், இலவச டிரையலில் ஆடலாம்.

ஆனாலும் சந்தாவின் கொக்கி அங்கேயும் இருக்கிறது. கேமுக்குள் நிலம் வாங்கி வீடு கட்டினால், 45 நாட்கள் உள்ளே எட்டிப் பார்க்காவிட்டால் வீடு இடிக்கப்படும். வீட்டைக் காப்பாற்றவே சந்தா கட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

ஒருமுறை விலை: கில்ட் வார்ஸ் 2

2012 ஆகஸ்டில் வந்த 'கில்ட் வார்ஸ் 2' கேமுக்கு மாதச் சந்தா கிடையாது. அடிப்படை கேம் 2015 முதல் இலவசம். விரிவாக்கங்களை மட்டும் ஒருமுறை விலை கொடுத்து வாங்க வேண்டும்.

இதன் விளைவு கேமுக்குள்ளேயே தெரிகிறது. 2012-ல் அதிகபட்ச லெவல் 80. இன்றும் 80-தான். பல ஆண்டுகளுக்கு முன் சேர்த்த உயர்தரக் கவசம் இப்போதும் செல்லும். இரண்டு வருடம் ஆடாமல் இருந்துவிட்டு வந்தாலும் பின்தங்கியிருக்க மாட்டீர்கள். வேலை, திருமணம், குழந்தை என்று வாழ்க்கை இடையில் புகுந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

சரி, நிறுவனத்துக்கு வருமானம்? உடை, வாகனத் தோற்றம், கூடுதல் பை என்று கடையில் விற்பனை நடக்கும். கேமில் சம்பாதிக்கும் தங்கத்தை மாற்றியும் அவற்றை வாங்கலாம்.

ஓட்டுப் போட்டு மாற்றும் கேம்: ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்

ரூன்ஸ்கேப் காலப்போக்கில் மாறியது பழைய ஆட்டக்காரர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. 2013-ல் ஜேஜெக்ஸ் நிறுவனம் வாக்கெடுப்பு நடத்தியது. 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். 2007-ன் பழைய பிரதியை எடுத்து 'ஓல்டு ஸ்கூல்' என்று தனியாகத் தொடங்கினார்கள். இப்போதும் புதிய பகுதிகளைச் சேர்க்க ஆட்டக்காரர்களில் 70 சதவீதம் பேர் ஆம் என்று வாக்களிக்க வேண்டும்.

ஒரு பகுதி இலவசம், முழு உலகத்துக்கும் சந்தா. 2018 முதல் மொபைலிலும் அதே கணக்கில் ஆடலாம். ஆனால் நேரம் விழுங்கும் விஷயத்தில் இதை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு திறனில் லெவல் 99 அடைய 1.3 கோடி அனுபவப் புள்ளிகள் வேண்டும். லெவல் 92-ஐத் தொடும்போது பாதிக் கிணறுதான் தாண்டியிருப்பீர்கள்.

'இலவசம்' எப்போது விலை அதிகம்?

மொபைலில் இறங்குபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 2022-ல் வந்த 'டயாப்லோ இம்மார்ட்டல்' இலவச கேம். ஆனால் சக்தி தரும் உயர்ந்த கற்களைப் பெற, காசு கொடுத்து அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டும். திறந்தால் என்ன வரும் என்று தெரியாத இந்த மாதிரிப் பெட்டிகளை 'லூட் பாக்ஸ்' என்பார்கள். பெல்ஜியம் 2018-லேயே இவற்றைச் சூதாட்டத்தில் சேர்த்தது. டயாப்லோ இம்மார்ட்டல் அங்கு வெளியாகவே இல்லை.

சந்தா கேம்களிலும் காசுக்குக் கதவு திறந்துதான் இருக்கிறது. வாவ் கேமில் 20 டாலருக்கு டோக்கன் வாங்கி, அதை கேமுக்குள் தங்கத்துக்கு விற்கலாம். ரூன்ஸ்கேப்பில் அதே வேலையை 'பாண்ட்' செய்கிறது. காசு உள்ளவர் தங்கம் பெறுவார், நேரம் உள்ளவர் சந்தா பெறுவார். வேறுபாடு ஒன்றே. இங்கே என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரியும். லூட் பாக்ஸில் தெரியாது.

இந்தியாவிலிருந்து ஆடினால்?

முதல் பிரச்சினை பிங். வாவ், ஃபைனல் ஃபேண்டஸி 14, கில்ட் வார்ஸ் 2 மூன்றுக்கும் இந்தியாவில் சர்வர் இல்லை. தூரம் கூடக் கூடத் தாமதமும் கூடும். ஆனால் எல்லா கேமிலும் அது ஒரே மாதிரி உறுத்தாது. வாவ் கேமில் பெரும்பாலான தாக்குதல்களுக்கு இடையே அடிப்படை இடைவெளி 1.5 நொடி. ஃபைனல் ஃபேண்டஸி 14-ல் 2.5 நொடி. ரூன்ஸ்கேப் 0.6 நொடிக்கு ஒருமுறைதான் அசைவுகளைக் கணக்கிடுகிறது. வேகம் குறைந்த கேமில் லேக் அவ்வளவாகத் தெரியாது.

இரண்டாவது, சட்டம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. பந்தயம் இல்லாத கேம்களுக்குச் சந்தாவோ ஒருமுறைக் கட்டணமோ வாங்க அதில் இடம் இருக்கிறது. ஆனால் கேமில் சேர்த்த தங்கத்தை வெளியே நிஜப் பணத்துக்கு விற்பதை இந்த நிறுவனங்களின் விதிகளே அனுமதிப்பதில்லை. பிடிபட்டால் கணக்கு முடக்கப்படும்.

மூடிவிட்டால் என்ன ஆகும்?

இங்கேதான் நான்கு கேம்களும் ஒன்றாகின்றன. எந்த முறையில் காசு கொடுத்தாலும் நீங்கள் குடியிருப்பவர்தான், வீட்டுக்காரர் இல்லை.

1999-ல் வந்த 'அஷெரான்ஸ் கால்' கேமின் சர்வர்கள் 2017 ஜனவரியில் அணைக்கப்பட்டன. 17 ஆண்டு வளர்த்த கேரக்டர்களும் அதோடு போயின. சீனாவில் பிலிசார்டு, நெட்ஈஸ் நிறுவனங்களின் ஒப்பந்தம் முறிந்ததால் 2023 ஜனவரியில் வாவ் நின்றுபோனது. 2024 ஆகஸ்டில்தான் திரும்பியது. ஆட்டக்காரர்கள் செய்த தவறு ஒன்றும் இல்லை. இரண்டு கம்பெனிகளுக்கு இடையே ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

நல்ல உதாரணமும் உண்டு. ஃபைனல் ஃபேண்டஸி 14-ன் முதல் வடிவம் படுதோல்வி. 2012 நவம்பரில் அதை மூடி, 2013-ல் புதிதாகக் கட்டினார்கள். ஆனால் பழைய ஆட்டக்காரர்களின் கேரக்டர்களைப் புதிய உலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆக, மனமிருந்தால் முடியும்.

ஐரோப்பாவில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம் கேட்பதும் கிட்டத்தட்ட இதுதான். விற்ற கேமை நிறுவனம் கைவிடும்போது, அதை ஏதாவது ஒரு வகையில் ஆடக்கூடிய நிலையில் விட்டுச் செல்ல வேண்டும். இதற்கான மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது.

அப்படியென்றால் எதைத் தேர்வு செய்யலாம்?

தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியும், நண்பர் குழு இருக்கிறது என்றால் வாவ். கதை பிடிக்கும், காசு கட்டாமல் பார்க்க வேண்டும் என்றால் ஃபைனல் ஃபேண்டஸி 14 டிரையல். மாதத்துக்கு நான்கு நாள்தான் நேரம் என்றால் கில்ட் வார்ஸ் 2. பஸ்ஸில் போகும்போது போனில் ஆட வேண்டும், அவசரம் இல்லை என்றால் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்.

எதில் நுழைந்தாலும் காசு கட்டும் முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். மூன்று மாதம் ஆடாவிட்டால் எதை இழப்பீர்கள்? சர்வரை மூடினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு தருவார்கள்? இரண்டாவது கேள்விக்கான பதில், எல்லோரும் படிக்காமல் 'சம்மதம்' என்று அழுத்தும் விதிமுறைப் பக்கத்தில்தான் இருக்கும்.