அவள் ஈட்டிய பொருள் யாருக்கு?

“நல்ல நாளும் அதுவுமாக உயிலைப் பற்றிப் பேச வந்துவிட்டீரே!”

இப்படிச் சலித்துக்கொண்டவர் வைதிகர் அல்லர், தோழர்களே! இராகு காலத்தில் மணம் முடித்து, எமகண்டத்தில் புதுமனை புகுந்தவர். சாதியை மறுத்து, புரோகிதரை மறுத்து, மாலை மாற்றி வாழ்க்கை தொடங்கியவர். மேடை ஏறினால் சகுனத்தைச் சாடாமல் இறங்கமாட்டார். அவருடைய துணைவியார் முப்பதாண்டுக் காலம் பள்ளி ஆசிரியை. அவரோ ஒருபடி மேலே போனார். “வாயில் நல்ல சொல்லே வராதா, அண்ணா?” என்று கடிந்தார்.

பூனைக்கு அஞ்சாத வீடு. பல்லிக்கு அஞ்சாத வீடு. அந்த வீட்டில் ஒரு வெள்ளைத் தாளைக் கண்டு அச்சம்! உயில் எழுதினால் உயிர் போய்விடும் என்ற எண்ணம் எந்தப் புராணத்தில் இருக்கிறதோ நானறியேன். பகுத்தறிவாளர் நெஞ்சில் அது குடியிருப்பதை மட்டும் கண்ணாரக் கண்டேன்.

எழுதாமற்போனால் என்ன நேரும்? சொத்து சும்மா கிடக்காது. உமக்காகச் சட்டம் எழுதும். எந்தச் சட்டம்? 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம்! கடவுள் இல்லை என்று ஊரெல்லாம் முழங்கிய தோழர் கண்மூடினாலும், அவர் முஸ்லிமோ கிறித்தவரோ பார்சியோ யூதரோ அல்லரென்றால், அவர் உடைமையைப் பங்கிட வருவது பெரும்பாலும் அந்தச் சட்டந்தான். வாழ்நாளெல்லாம் மறுத்த பெயர், வாழ்ந்து முடித்த மறுநாள் வாசலில் வந்து நிற்கிறது.

ஆண் இறந்தால் அச்சட்டம் ஓரளவு நேர்மையாகவே நடக்கிறது. தாய், மனைவி, மகன், மகள் ஆகியோர் முதல் வரிசையில் ஒக்கப் பங்கு பெறுகின்றனர். பெண் இறந்தால்? அங்கேதான் மநு எழுந்து உட்காருகிறான். முதலில் அவள் மக்களும் கணவனும். அவர்கள் இல்லையென்றால் கணவனுடைய வாரிசுகள். அவர்களும் இல்லையென்றால்தான், மூன்றாவதாக, பெற்ற தாயும் தந்தையும்! தாய் தந்தையரிடமிருந்து வந்த சொத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. மக்கள் இல்லாத நிலையில் அது தந்தையின் வழிக்குத் திரும்பும். அவளே உழைத்து, அவளே சேர்த்த பொருளுக்கு அந்த விலக்கும் கிடையாது.

ஆண் ஒருவன் இறந்தால், அவன் மனைவியின் உடன்பிறந்தார் மக்கள் வந்து பங்கு கேட்க முடியுமா? பட்டியலிலேயே அவர்கள் இல்லை.

இது ஏட்டுச் சுரைக்காய் என்பீரேல், ஒரு வழக்கைக் கேளும். 1955இல் ஒரு பெண்ணுக்குத் திருமணம். மூன்று திங்களுக்குள் கணவன் பாம்பு கடித்து மாண்டான். கணவன் வீடு அவளைத் துரத்தியது. பெற்றோர் வீடு ஏற்றது, படிக்கவைத்தது. அவள் வேலைக்குப் போனாள், சேமித்தாள். நாற்பதாண்டுக்கு மேல் அந்தப் புக்ககம் அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 1996இல் அவள் இறந்தாள், உயில் எழுதாமல். வங்கியிலே பணம் இருந்தது, வைப்புநிதி இருந்தது. பெற்ற தாய் கேட்டாள். கணவனுடைய சகோதரியின் மக்களும் கேட்டார்கள். 2009இல் உச்சநீதிமன்றம் யாருக்கு வழங்கியது தெரியுமா? துரத்திய வீட்டாருக்கு! பரிவைக் கொண்டு தீர்ப்பெழுத இயலாது, சட்டம் இவ்வாறு இருக்கிறது என்றனர் நீதிபதிகள். மனைவி ஈட்டியதும் அவளை உடையவனுக்கே என்று மநு வகுத்தான். மாண்டு நாற்பதாண்டான கணவனும் இன்னும் உடையவனாம்!

இந்தப் பிரிவு இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 2025 நவம்பரில் இதே உச்சநீதிமன்றம், பெண்கள் உடனே உயில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று வேண்டுகோள் விடுத்தது. சட்டத்தைத் திருத்தும் போராட்டம் நடக்கட்டும், நடத்துவோம். அதுவரை? எழுதுகோல் ஒன்றுதான் காப்பு.

ஆண் தோழர்களுக்கும் ஒரு சொல். 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. தமிழ்நாட்டில் மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு தரும் சட்டம் வந்தது 1989இல். இடையே அறுபதாண்டு! அதிலும் அதற்குமுன் மணமான பெண்கள் விடுபட்டனர். அக்குறை 2005இல் நீங்கிற்று. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. இத்தனையும் பெற்ற பிறகு வீட்டில் நடப்பது என்ன? தந்தையின் காரியம் முடிந்த கையோடு, அழுத கண் காயுமுன், “நகை போட்டுக் கட்டிக்கொடுத்தோமே, அண்ணனுக்கு ஒரு கையெழுத்துப் போடம்மா” என்று ஒரு பத்திரத்தை நீட்டுகிறார்கள். அதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம். விடுதலையாம்! நாம் உயிரினும் மேலாய்ப் போற்றும் சொல்லை எங்கே கொண்டுபோய் ஒட்டியிருக்கிறார்கள் பாரும். வேறு சிலரோ உயிலையே கத்தியாக்கி, சட்டம் மகளுக்குத் தந்ததைத் தந்தையின் கையாலேயே அறுக்கிறார்கள். அந்த உயிலை எழுதும்படி நான் சொல்ல வரவில்லை.

எழுதுவது மலையைப் புரட்டும் வேலையும் அன்று. முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாள் போதும். உமக்கு உரியது எது, யாருக்கு எது என்பது ஐயமற இருக்கவேண்டும். கூட்டுச் சொத்தானால் உம் பங்கை மட்டுமே எழுதலாம். உமது கையெழுத்து, இரண்டு சாட்சிகள், நீர் ஒப்பமிட்டதைக் கண்டு அவர்களும் உம் முன்னே ஒப்பமிடவேண்டும். பொருளைப் பெறுகிறவரைச் சாட்சியாக்காதீர். பதிவு கட்டாயமில்லை; ஆயினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால், பின்னர் ‘போலி’ என்று கூவும் வாய்கள் சற்று அடங்கும். மனம் மாறினால் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதே நிற்கும். வங்கியில் நாமினி பெயர் கொடுத்தாயிற்றே என்று இருந்துவிடாதீர். நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர். அதனாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிடமாட்டார்.

இனி அந்த ஆசிரியைக்கு வருகிறேன். அவர்களுக்கு மக்கள் இல்லை. வீடு அம்மையாரின் பெயரில், அவருடைய வைப்புநிதியில் எழுந்தது. எண்பது கடந்த அவர் தாய் அந்த வீட்டில்தான் இருக்கிறார்.

“அம்மா, தோழருடைய அண்ணன் உங்கள் திருமணத்துக்கு வந்தாரா?”

“வாசற்படி மிதிக்கமாட்டேன் என்றவராயிற்றே. வேறு சாதிக்காரி என்று இன்றுவரை ஒரு சொல் பேசியதில்லை.”

“தோழர் முந்தி, நீங்கள் பிந்தி, உயிலும் இல்லையென்றால், இந்த வீடு அவருக்குப் போகும். உங்கள் தாய்க்கு அல்ல.”

தோழர் எழுந்து நின்றுவிட்டார். அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. உள்ளே போய், பள்ளியில் வினாத்தாள் எழுதப் பயன்பட்ட கோடிட்ட தாள்கட்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார்.

“சாட்சிக்கு நீங்கள் இருக்கிறீர்கள், அண்ணா. இன்னொருவர்?”

“எனக்கு எழுபத்து நான்கு. வழக்கென்று வந்தால் கூண்டேறிச் சொல்ல ஆள் வேண்டுமே. நம் படிப்பகத்துப் பிள்ளைகள் இருவரைக் கூப்பிடுங்கள்.”