வெந்நீரில் சேமிக்க வேண்டிய மின்சாரம்

ஜெர்மனியின் மொத்த விற்பனைச் சந்தையில் 2024-ல் 457 மணி நேரம் மின்சாரத்தின் விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போனது. வாங்குபவருக்கு விற்பவரே பணம் கொடுக்கும் நிலை அது. பிரிட்டனிலோ, ஸ்காட்லாந்துக் காற்றாலைகளின் மின்சாரத்தைத் தெற்கே கொண்டுசெல்ல மின்தடம் போதாத நாள்களில், காற்றாலைகளை நிறுத்திவைக்க இழப்பீடு தருகிறார்கள். அந்தத் தொகை கடைசியில் நுகர்வோர் தலையில்தான் விழுகிறது. ஆனால் இவ்விரு நாடுகளிலும் வீடுகளைச் சூடாக்குவதில் இன்னமும் எரிவாயுவுக்கே முதலிடம். உபரி மின்சாரம் என்றதும் எல்லோரும் லித்தியம் பேட்டரியைக் கைகாட்டுகிறார்கள். குளிர் நாடுகளுக்கு அதைவிட மலிவான வழி, மின்சாரம் மலிந்திருக்கும்போதே தண்ணீரைக் காய்ச்சி வைத்துக்கொள்வது. அதற்குத் தடையாக நிற்பது தொழில்நுட்பமல்ல, கட்டண முறை.

ஒரு கன மீட்டர் தண்ணீரை 40 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் 58 யூனிட் ஆற்றல் அதில் தங்கும். தொட்டி பெரிதாகப் பெரிதாக, கொள்ளளவோடு ஒப்பிட்டால் வெளிப்பரப்பு குறைவு. வெப்பம் கசிவதும் குறைவு. ஹெல்சின்கியின் முஸ்டிக்கமா தீவில், பாறைக்குள் குடைந்த பழைய எண்ணெய்க் கிடங்குகளில் இப்போது 2,60,000 கன மீட்டர் வெந்நீர் நிற்கிறது, கொள்திறன் 1.16 கோடி யூனிட். பெர்லினில் 45 மீட்டர் உயரத் தொட்டி ஒன்று 5.6 கோடி லிட்டர் கொள்கிறது. டென்மார்க்கில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்குப் பொது நிலையத்திலிருந்து குழாய்வழியாகவே வெப்பம் வருவதால், ஊருக்கு ஒரு தொட்டி வைத்தாலே போதும். குழாய் இல்லாத ஊர்களிலும் வழி உண்டு. பிரான்ஸில் பல பத்தாண்டுகளாக வீட்டு கீசர்கள் சலுகைக் கட்டண இரவு நேரத்தில் தாமாகவே இயங்குகின்றன. சூரிய மின்சாரம் பெருகியதால், 2025 நவம்பரிலிருந்து அந்தச் சலுகை நேரத்தில் ஒரு பகுதியைப் படிப்படியாகப் பகலுக்கு மாற்றி வருகிறார்கள். புதிதாக எந்தக் கருவியும் வாங்காமல் நடக்கும் மாற்றம் இது.

வெந்நீரை மறுபடி மின்சாரமாக்க முடியாதே என்பார்கள். ஆக்க வேண்டிய தேவையே இல்லை. மாலை உச்ச நேரத்தில் ஹீட்டர் ஓடாவிட்டால், அந்த நேரத்துக்கென பேட்டரியில் சேமித்திருக்க வேண்டிய மின்சாரம் மிச்சம். பிரிட்டனின் அனுபவத்தைச் சொல்லும் இரண்டாவது ஆட்சேபம் வலுவானது. அங்கே இரவு மின்சாரத்தை மலிவாகத் தர 1978-ல் வந்த ‘எகானமி 7’ கட்டணத்தை நம்பி, இரவில் செங்கலைச் சூடாக்கிப் பகலில் வெப்பம் தரும் ஹீட்டர்களை லட்சக்கணக்கானோர் பொருத்தினார்கள். விடியலில் புழுக்கம், மாலையில் நடுக்கம் என்று அவற்றுக்குக் கெட்ட பெயர். ஆனால் அந்தக் குறை, வெப்பம் தங்காத சுவர்களாலும், மறுநாளின் குளிரைக் கணிக்காமல் கடிகாரத்துக்கு மட்டும் கட்டுப்பட்ட ஏற்பாட்டாலும் வந்தது. இன்னொரு சிக்கல், வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்துத் தரும் ஹீட் பம்ப், தண்ணீரை எவ்வளவு அதிகமாகச் சூடாக்குகிறதோ அவ்வளவு திறன் இழக்கும்; மின்சாரம் போதிய அளவு மலிவாக இருந்தால்தான் சேமிப்பு கட்டுப்படியாகும். எல்லோரும் ஒரே நிமிடத்தில் சுவிட்சைப் போட்டால் புதிய உச்சம் பிறக்கும் என்பதும் சரியே. நேரத்தைத் தெருவுக்குத் தெரு பிரித்துவிட வேண்டும். காற்றும் வெயிலும் அற்ற குளிர் வாரங்களுக்கு மட்டும் என்னிடம் விடையில்லை. சில மணி நேரத் தொட்டி அதைத் தாங்காது. மாற்று உற்பத்தி நிலையங்கள் இருந்தாக வேண்டும்.

எஞ்சுவது விலை. பிரிட்டனில் வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு எரிவாயுவைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. சுற்றுச்சூழல் திட்டங்களுக்கான செலவை நெடுங்காலமாக மின் கட்டணத்தின் மீதே ஏற்றிவந்ததும் இதற்கு ஒரு காரணம். நள்ளிரவுக்கும் மாலை ஆறு மணிக்கும் ஒரே விலை கொடுப்பவர் எதற்காகக் காத்திருப்பார்? டென்மார்க் 2021-லும் பின்லாந்து 2022-லும் வெப்பத்துக்கான மின்சாரத்தின் மீது வரியைக் குறைத்தன. பிரிட்டன் அதோடு நிறுத்த முடியாது. அங்கே தேவைப்படும்போது உடனுக்குடன் தண்ணீரைச் சூடாக்கும் கேஸ் காம்பி பாய்லர் வந்தபோது பல லட்சம் வீடுகளிலிருந்து வெந்நீர்த் தொட்டியே அகற்றப்பட்டு, அந்த இடம் அலமாரியாகிவிட்டது. ஹீட் பம்ப்புக்கு 7,500 பவுண்ட் வரை மானியம் தரும் அரசு, தொட்டி வைக்க இடமில்லாத அடுக்குமாடிகளுக்கும், வீட்டில் எதையும் மாற்ற உரிமையில்லாத வாடகைதாரர்களுக்கும் குழாய்வழி வெப்பத்தைக் கொண்டுவராவிட்டால், நேரத்துக்கேற்ற கட்டணத்தின் லாபம் சொந்த வீட்டுக்காரருக்கும் மாலை நேரக் கூடுதல் விலை மற்றவருக்கும் போய்ச் சேரும்.