குறுக்குவெட்டில் இடம்பெறாத லயம்

கலைப்பீட மாணவனுக்கும் பாதையின் குறுக்குவெட்டுக்கும் என்ன தொடர்பு என்று பொறியியற்பீட நண்பர்கள் நகைக்கக்கூடும். நிவித்திகலவில், பாதைக்குக் கீழே அமைந்த லயத்திற் பிறந்தவனுக்குத் தொடர்பு உண்டு. பாதை அகலிக்கப்பட்ட பின்னர் பெய்த முதற் பெருமழையிலேயே, மதகினூடாகப் பாய்ந்த நீர் எங்கள் காம்பராவின் அடுப்பை அணைத்தது. முறையிடச் சென்ற என் தந்தையாருக்குக் கிடைத்த மறுமொழி, "எல்லாம் கம்பியூட்டரில் கணித்துத்தான் செய்தது" என்பதாகும்.

கணினி எதனைக் கணித்தது? சிவில் திறீ டீ போன்ற மென்பொருள்களில் வடிவமைப்பவர் முதலில் மாதிரிக் குறுக்குவெட்டொன்றை அமைக்கிறார். ஓடுபாதை, அதன் சரிவு, ஓரம், வடிகால், வெட்டுச்சரிவு, நிரப்புச்சரிவு என்பன அதில் அடங்கும். மென்பொருள் அதனை மையக்கோடு நெடுகிலும் நடத்திச் சென்று, குறித்த இடைவெளிதோறும் நிலத்தை அறுத்துக் காட்டுகிறது. இருபது மீற்றர் இடைவெளியிலுள்ள இரு வெட்டுமுகங்களில் தோண்டவேண்டிய பரப்பு 12, 18 சதுர மீற்றராயின், சராசரியை இடைவெளியாற் பெருக்கி 300 கனமீற்றர் மண் என்கிறது. முன்னர் வரைபலகையிற் பல நாட் குனிந்திருந்து செய்த வேலை இது. இதனைப் பழிப்பது பேதைமை.

ஆனால் அவ்வெட்டு இருமருங்கிலும் எவ்வளவு நீளவேண்டும் என்பதை முடிவுசெய்பவர் மனிதரே. பதினைந்து மீற்றர் என்று அவர் குறித்தால், இருபதாம் மீற்றரிலுள்ள லயம் படத்தில் இல்லை. மென்பொருள் நிலத்தைப் பார்ப்பதுமில்லை. நில அளவையிற் பெற்ற புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்து, தானே ஒரு நிலத்தைச் சமைக்கிறது. அளவை பாதையோரத்தோடு நின்றுவிட்டால், அதற்கப்பால் நிலமே இராது; அன்றித் தொலைவிலுள்ள புள்ளிகளைத் தொடுக்கும் கற்பனைச் சரிவொன்றே இருக்கும். இரு வெட்டுகளுக்கு இடையே விழுந்த பீலியும் அவ்வாறே மறைந்துபோகும். நிரப்புச்சரிவு இயற்கை நிலத்தைத் தொட்டதும் வடிவமைப்பு முடிந்துவிடுகிறது. நீர் அங்கே நின்றுவிடுவதில்லையே!

இவ்விடுபடல் தற்செயலானதன்று என்பதே என் துணிபு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும்வரை, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை நிதியைச் செலவிடச் சட்டமே தடையாயிருந்தது. சட்டத்தின் கண்ணிற் படாதோர் பாதையின் படத்திலும் இல்லாமற் போனதில் வியப்பென்ன?

அகலமாக அளந்தாற் செலவு மிகும் என்பர். மிகும்தான். 2003 மேயிலும் 2017 மேயிலும் இரத்தினபுரி மாவட்டத்தில் வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் உறவினரைப் பறிகொடுத்தோரிடம் சென்று அதனைச் சொல்லட்டும்.

நாம் கேட்பது பெரிதன்று. மலைப்பாதைகளின் குறுக்குவெட்டு, கீழுள்ள கடைசி லயம்வரை நீளவேண்டும். ஒவ்வொரு மதகின் நீரும் ஓடையை அடையும்வரை வரையப்படவேண்டும். அப்படம், மண்வெட்டி நிலத்திற் படுமுன்னரே, தமிழிலும் சிங்களத்திலும் விளக்கமிட்டு லயத்தின் முன் தொங்கவேண்டும். என் தந்தையார் அதிகம் படித்தவரல்லர். முப்பது ஆண்டுகள் மலையிற் கான் வெட்டியவர். அப்படத்தைக் காட்டியிருந்தால், நீர் எவ்வழி வரும் என்பதை விரலால் தொட்டுச் சொல்லியிருப்பார்.