குறியீடு சொல்லாதது

சாரல் காலத்தில் குற்றாலம் போகிறவர்களுக்கு வாசுதேவநல்லூர் வழியில் வந்துபோகும் ஓர் ஊர். சிவகிரியைத் தாண்டி, பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் இந்தப் பக்கம்தானே என்று யோசித்து முடிப்பதற்குள் புளியங்குடி வந்துவிடும். அந்த ஊரில் நாங்கள் ஒரு பகல் முழுக்கத் தங்க நேர்ந்தது. காரணம், எங்கள் நண்பர் ஒருவரின் பழைய கார்.

அந்தக் காருக்கு ஒரு விசித்திரமான நோய் இருந்தது. ஒரு மணி நேரம் நன்றாக ஓடும். பிறகு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் என்ஜின் அணைந்துவிடும். அரை மணி நேரம் நிழலில் நிறுத்தினால், ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி கிளம்பும். இதற்காக ஒரு பெருநகரப் பட்டறையில் பெட்ரோல் பம்பை மாற்றியிருந்தார்கள். பணம் போனது; நோய் போகவில்லை.

வாசுதேவநல்லூரில் சாலையோரம் இருந்த சிறிய பட்டறையின் இளைஞர் பானட்டைத் திறக்கும் முன் கேட்டது ஒரு கேள்விதான்: "சூடானா மட்டுந்தான் நிக்குதா அண்ணாச்சி? ஆறுன பெறவு தானா எடுக்குதா?" ஆமாம் என்றோம். சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, என்ஜின் சுழற்சியைக் காட்டும் முள்ளைக் கவனித்தார். ஸ்டார்ட்டர் சுற்றியும் முள் பூஜ்யத்தைவிட்டு அசையவில்லை. அதற்குப் பிறகுதான் ஸ்கேனரை எடுத்தார். பி 0335 என்று வந்தது. கிராங்க் ஷாஃப்ட் சென்சார் சுற்றில் கோளாறு என்று பொருள்.

நாங்களாக இருந்தால் அந்த இடத்திலேயே சென்சாரை மாற்றச் சொல்லியிருப்போம். அவர் மாற்றவில்லை. "சுற்றுல கோளாறுன்னுதான் சொல்லுது, எதுன்னு சொல்லலியே" என்றார்.

இதைப் புரிந்துகொள்ள அந்தச் சென்சாரைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். கிராங்க் ஷாஃப்டோடு சேர்ந்து ஒரு பற்சக்கரம் சுழல்கிறது. பல கார்களில் அறுபது பற்களுக்கான இடத்தில் இரண்டு வேண்டுமென்றே விடுபட்டிருக்கும். அருகே ஒரு காந்தமும் கம்பிச்சுருளும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சிறு மின்துடிப்பு பிறக்கிறது. பற்கள் இல்லாத இடைவெளியைக் கொண்டே பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கணினி கணக்கிடுகிறது. துடிப்பு நின்றால் எரிபொருளும் தீப்பொறியும் நிற்கும். துடிப்பு நிற்க சென்சார் கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. வயர் உரசி அறுந்திருக்கலாம், இணைப்பியில் துரு ஏறியிருக்கலாம், பற்சக்கரம் சேதமாகியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே குறியீடுதான்.

அவர் இணைப்பியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார். வயரைக் கையால் நெடுகத் தடவிப் பார்த்தார். பிறகு மல்டிமீட்டரால் சென்சாரின் மின்தடையை அளந்தார். சுற்று அறுந்திருப்பதாகக் காட்டியது. ஈரத்துணியைச் சுற்றி ஆறவைத்து மறுபடி அளந்தார். எண்ணூறு ஓம்ஸுக்குப் பக்கத்தில் எண் வந்தது. உள்ளே இருந்த மெல்லிய கம்பி, சூட்டில் விரிந்து பிரிகிறது, ஆறினால் சேர்கிறது. குற்றவாளி அகப்பட்டது அப்போதுதான்.

புதிய சென்சார் தென்காசியிலிருந்து பஸ்ஸில் வந்தது. ஒரே ஒரு பத்தாம் நம்பர் போல்ட். மாற்றக் கால் மணி நேரம். குறியீட்டை அழித்துவிட்டு, என்ஜின் நன்றாகச் சூடேறும்வரை எங்களோடு வண்டியில் வந்தார். பெட்ரோல் பம்புக்குக் கொடுத்ததில் சிறு பங்குதான் செலவு.

குறியீடு தீர்ப்பு அல்ல, சாட்சி என்பது நாங்கள் அன்று கற்றது. சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்பு எழுதுகிறவர்கள் பட்டறைகளில் மட்டும் இருப்பதில்லை. ஒரு வரியைப் படித்துவிட்டு நூலையே எடைபோடும் நமக்கும் இது பொருந்தும்.

இந்த விசாரிக்கும் திறன் உள்ளவர்களுக்கு நாம் என்ன செய்திருக்கிறோம்? அந்த இளைஞரிடம் அந்தக் காரின் வயரிங் வரைபடம் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய மங்கலான படத்தை வைத்துத்தான் வேலை பார்த்தார். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்கிறார்கள் என்பது அதன் முடிவு. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 ஜூலையில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது; வாகனங்களும் அதன் வரம்பில் இருந்தன.

பாதுகாப்பைக் காரணம் காட்டும் நிறுவனங்களின் வாதத்தை நாம் முழுக்கத் தள்ளிவிடவில்லை. காற்றுப்பையையும் பிரேக் கணினியையும் பயிற்சி இல்லாதவர் தொடக்கூடாது. ஆனால் ஒரு சென்சாரின் சரியான மின்தடை எவ்வளவு என்பது எப்படி ரகசியமாகும்? 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் நாடெங்கும் வந்தபின் புதிய கார்களில் சென்சார்கள் இன்னும் பெருகிவிட்டன. அந்த விவரங்கள் பூட்டியே இருந்தால், அளந்து பார்க்கிறவர் பட்டறையை மூடுவார். அளக்காமல் மாற்றுகிறவர் பில் போடுவார். வரைபடத்தையும் கையேட்டையும், நியாயமான விலைக்காவது, அந்தப் பட்டறைக்குக் கொடுங்கள் என்பதே நம் கோரிக்கை.

அன்று மாலை குற்றாலம் போய்ச் சேர்ந்தோம். வண்டி வழியில் நிற்கவில்லை.