பறப்புப் பதிவேடுகளைத் திறவுங்கள்

1943இல் வவுனியா ஓடுபாதையிலிருந்து எந்த விமானம் எத்தனை மணிக்குக் கிளம்பியது, யார் ஓட்டினார், எதற்காகப் போனார், எப்போது இறங்கினார் என்பதை இன்று யாரும் படிக்கலாம். லண்டன் கியூவிலுள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்த ஏடுகள் இருக்கின்றன. 2008இல் அதே ஓடுபாதையிலிருந்து எது கிளம்பியது என்பதை, அதன் இரைச்சலைக் கேட்டபடி பங்கருக்குள் குந்தியிருந்த வன்னியின் மல்லாவிச் சனம் படிக்க வழியில்லை. இந்த முரணை இனியும் சகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

வவுனியாத் தளம் ஓர் அடியின் விளைவு. 1942 ஏப்ரில் 5 அன்று கொழும்பையும் 9 அன்று திருகோணமலையையும் ஜப்பானிய விமானங்கள் தாக்கின. ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. பதிலடி கொடுக்கப் போய் ஜப்பானியக் கப்பல்கள்மீது குண்டு போட்ட பிளென்ஹெய்ம் விமானங்கள் ஒன்பது. அவற்றில் ஐந்து திரும்பவில்லை. அதன் பிறகே உலர்வலயக் காட்டுக்குள் விமானத்தளங்கள் பெருகின. வவுனியாவுக்கு 1943இல் பிரித்தானிய வான்படையின் 22ஆம், 217ஆம் படையணிகள் வந்தன. அவர்களிடம் இருந்தவை பியூஃபோர்ட் விமானங்கள்: இரண்டு இயந்திரம், நான்கு பேர், வயிற்றில் கப்பலுடைக்கும் ஒரு டோர்பிடோ. இந்த 22ஆம் படையணியைச் சேர்ந்த கென்னத் கேம்பெல்தான் 1941 ஏப்ரிலில் பிரெஸ்ட் துறைமுகத்தில் ஜெர்மானியரின் ‘க்னைசனோ’ போர்க்கப்பலைத் தாக்கி, அங்கேயே உயிரைவிட்டு விக்டோரியா விருது பெற்றவர். அப்பேர்ப்பட்ட அணி வன்னியில் காத்துக் கிடந்தது. ஜப்பானியப் பெருங்கடற்படை மறுபடி இந்தப் பக்கம் வரவேயில்லை. ரோந்தும் கப்பல்களுக்குக் காவலுமாகக் காலம் போனது.

எதையும் காணாமல் திரும்பிய ரோந்துக்கும் அந்த ஏட்டில் ஒரு வரி உண்டு. விமான இலக்கம், ஆட்களின் பெயர், ஏறிய நேரம், இறங்கிய நேரம், கடமை என்று கட்டம் கட்டிய படிவம் அது. காட்டை வெட்டிய கூலிகளுக்கு அதில் கட்டம் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏகாதிபத்தியத்தின் கணக்குப் புத்தகத்தில் அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம். ஆனாலும் அது திறந்திருக்கிறது.

பிரித்தானியர் நீர்கொழும்பில் அமைத்த இன்னொரு யுத்தகாலத் தளம் 1957இல் இலங்கையின் கைக்கு வந்து கட்டுநாயக்க ஆனது. 1996இல் அங்கே கிபிர் போர்விமானம் வந்தது. வன்னியில் அதன் பிறகு குழந்தைகள்கூடச் சத்தத்தை வைத்தே பெயர் சொன்னார்கள். மெதுவாக உறுமிக்கொண்டு வருவது சகடை, வானத்தைக் கிழிப்பது கிபிர், ஆளில்லாமல் மேலே சுற்றிக்கொண்டே இருப்பது வண்டு. வண்டு சுற்றினால் பின்னால் என்ன வரும் என்பதும் தெரியும். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கருக்குள் இறங்கிவிடுவார்கள். 2006 ஓகஸ்ட் 14 அன்று வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் கிபிர் குண்டுகளுக்கு ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள், பெரும்பாலானோர் மாணவிகள். அந்த இலக்கை யார் தெரிவுசெய்தார், எந்தப் படத்தைப் பார்த்து, எத்தனை மணிக்கு? இதற்கும் ஒரு ஏட்டில் வரி இருக்க வேண்டும்.

பாதுகாப்பு இரகசியம் என்பார்கள். அன்றன்றே தாக்குதல் நடந்த இடத்தின் பெயரோடு ஊடக அறிக்கை விட்டது பாதுகாப்பு அமைச்சுதான். இடத்தைச் சொன்னவர்களுக்கு நேரத்தைச் சொல்ல மட்டும் என்ன தயக்கம்? 2008 செப்டெம்பர் 9இல் வவுனியாத் தளத்தைப் புலிகள் தாக்கி, இந்தியத் தொழில்நுட்பர்கள் இருவர் காயப்பட்ட பிறகுதான், அவர்கள் அங்கே ராடர் வேலையில் இருந்த விடயமே நாட்டில் பேச்சானது. எதை மறைப்பது என்பதில் அளவில்லாமல் போனதற்கு இதுவே சாட்சி.

பிரித்தானியாவும் உடனே திறக்கவில்லைதான். முப்பதாண்டு விதி அங்கே இருந்தது. 2009இலிருந்து அதே கணக்கை இங்கே போட்டால் 2039. மல்லாவியை விட்டு 2008இல் கிழக்கே நடந்தபோது நாற்பது வயதாக இருந்தவருக்கு அப்போது எழுபத்தொன்று.

இந்தக் கோரிக்கை ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதல்ல. இரணைமடுவில் ஓடுபாதை போட்டு, ஸ்லின் ரகச் சிறுவிமானங்களில் குண்டு கட்டி, 2007 மார்ச் 26 அன்று கட்டுநாயக்கவையும் 2009 பெப்ரவரி 20 அன்று கொழும்பையும் தாக்கினார்கள் புலிகள். கொழும்பில் அகப்பட்டது உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடம். அந்த வான்படை குறித்துப் படையினர் கைப்பற்றிய ஆவணங்களும் வெளிவர வேண்டும்.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்க இடம் தருகிறது. பொதுநலன் மேலோங்கினால் அந்த மறுப்பைத் தாண்டவும் இடம் தருகிறது. 2006 முதல் 2009 வரை வன்னிமீது நடந்த ஒவ்வொரு குண்டுவீச்சுப் பறப்பின் நாள், நேரம், இடம், குறித்த இலக்கு ஆகியவற்றை முதற்கட்டமாக வெளியிட அரசு முடிவெடுக்க வேண்டும். மூல ஏடுகள் கொழும்புத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகட்டும். தமிழ்ப் பிரதிகள் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டச் செயலகங்களிலும், துணுக்காய் பிரதேச செயலகத்திலும் மக்கள் கேட்டுப் படிக்கும்படி வைக்கப்பட வேண்டும்.