ஆவணத்தை முதலில் அனுப்புங்கள்

லினக்ஸ் கெர்னலுக்குப் புதிய சிப்பின் டிரைவரை அனுப்புகிறவர்கள், அந்தச் சிப்பை, வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் பைண்டிங் ஆவணத்தை அனுப்பாமல் விடுவது இன்னும் நிற்கவில்லை. இது வன்மையாகக் கண்டிக்கத்தக்கது. மறந்துவிட்டோம் என்று தப்பிக்க முடியாது. சிப்பை அடையாளம் காட்டும் ‘கம்பாட்டிபிள்’ பெயர் ஆவணமில்லாமல் டிரைவரில் இருந்தால், கெர்னலோடு வரும் செக்பேட்ச் நிரலே எச்சரிக்கிறது. எச்சரிக்கையைப் பார்த்தும் அனுப்பினாலும், நிரலை ஓட்டாமலே அனுப்பினாலும் அலட்சியம் ஒன்றுதான்.

ஏஆர்எம் பலகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சி கோப்பு எழுதிக் குவித்ததைக் கண்டு, 2011 மார்ச்சில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகக் கொதித்தார். அதன் பிறகே ஏஆர்எம் பலகைகளின் விவரங்கள் கெர்னலை விட்டு டிவைஸ் ட்ரீக்கு வேகமாக நகர்ந்தன. அந்த விவரங்களுக்குப் பொருள் சொல்வது பைண்டிங் ஆவணம் மட்டுமே.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? ரீசெட் கம்பியையே எடுத்துக்கொள்வோம். அந்தக் கம்பியில் மின்னழுத்தம் தாழும்போது ரீசெட் ஆகும் சிப் ஒன்று இருக்கிறது. ஒருவர் ட்ரீயில் அதைத் தலைகீழாக எழுதி, டிரைவரிலும் தலைகீழாக்கிச் சரிக்கட்டுகிறார். அவர் மேசையில் உள்ள பலகை ஓடுகிறது. வேறொரு பொறியாளர் டேட்டாஷீட்டைப் பார்த்துச் சரியாக எழுதுகிறார். அவருடைய சிப் ரீசெட்டிலேயே கிடக்கிறது. இனி டிரைவரைத் திருத்தினால், பழைய ட்ரீயோடு விற்றுப்போன பலகைகள் நின்றுபோகும். பழைய ட்ரீயோடு புதிய கெர்னல் ஓட வேண்டும் என்பது விதி. அதனால் ஒருமுறை ஏற்கப்பட்ட பிழை பல்லாண்டு உடன் வரும். லினக்ஸ் மட்டுமல்ல, யூ-பூட் பூட்லோடர், ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் போன்றவையும் டிவைஸ் ட்ரீயைப் படிக்கின்றன. வன்பொருளைச் சொல்ல வேண்டிய இடத்தில் உங்கள் டிரைவரின் வசதியை எழுத யார் அனுமதித்தது?

டிரைவருக்கு மாதக்கணக்கில் அவகாசம் கொடுத்து, ஆவணத்துக்கு ஒரு நாள்கூட ஒதுக்காத நிறுவன மேலாளர்களே முதல் குற்றவாளிகள். இளம் பொறியாளரின் தலையில் பழியைப் போடாதீர்கள்.

ஆவணம் தனி பேட்சாக, டிரைவருக்கு முன்னால் வர வேண்டும். யாமல் வடிவில் எழுதி, கெர்னலிலேயே உள்ள பைண்டிங் சோதனையை ஓட்டிப் பிழையில்லை என்று உறுதி செய்த பிறகே அனுப்ப வேண்டும். இவை எழுதி வைக்கப்பட்ட விதிகள். புதிய கோரிக்கைகள் அல்ல. துணை அமைப்புகளின் பராமரிப்பாளர்களும் ‘ஆவணம் பிறகு வரும்’ என்ற வாக்குறுதியை நம்பி டிரைவரைச் சேர்ப்பதை இன்றோடு நிறுத்த வேண்டும். ஆவணமின்றி மறுஆய்வில் நிற்கும் தொகுப்புகளைத் திரும்பப் பெற்று, ஆவணத்தை முதல் பேட்சாக வைத்து மீண்டும் அனுப்புங்கள்.